பழைய ஃபிலிம் கேமராவின் வ்யூஃபைண்டர் மங்கலா? துடைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

பழைய ஃபிலிம் கேமரா ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் செய்வது அதைக் கண்ணில் வைத்துப் பார்ப்பதுதான். ஷட்டர் அடிக்கிறதா, வெளிச்சம் அளக்கும் மீட்டரின் முள் ஆடுகிறதா என்பதெல்லாம் அப்புறம். எதிரே நிற்கும் ஆள் மார்கழிப் பனிக்குள் நிற்பது போல் தெரிந்தால் மனசு கொஞ்சம் சோர்ந்துவிடும். "சும்மா தூசிதான், துடைச்சா போயிடும்" என்று விற்றவர் சொல்லியிருப்பார். உடனே கை சட்டை நுனியைத் தேடும்.

கொஞ்சம் பொறுங்கள். மங்கலான வ்யூஃபைண்டரோடு (கண்ணை வைத்துக் காட்சியைப் பார்க்கும் ஜன்னல்) வருடக்கணக்கில் நல்ல படம் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவசரமாகத் துடைத்ததால் பாழாய்ப் போன வ்யூஃபைண்டர்களை நான் அதைவிட அதிகம் பார்த்திருக்கிறேன். உள்ளே பல கண்ணாடிப் பரப்புகள் இருக்கின்றன. சிலவற்றைத் தாராளமாகத் துடைக்கலாம், சிலவற்றை ஒத்தி எடுக்கலாம், ஒன்றிரண்டைத் தொடவே கூடாது. மங்கல் எந்தப் பரப்பில் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதற்குக் கேமராவின் வகை தெரிய வேண்டும். எஸ்.எல்.ஆர். கேமராவில் (பென்டாக்ஸ் கே1000, கேனன் ஏ.ஈ-1, நிக்கான் எஃப்.எம்.2 போன்றவை) வெளிச்சம் லென்ஸ் வழியாக உள்ளே வந்து, சாய்ந்து நிற்கும் கண்ணாடியில் பட்டு மேலே திரும்பி, ஃபோகசிங் ஸ்கிரீன் என்ற மெல்லிய தட்டில் விழுந்து, அதற்கு மேல் உள்ள பிரிசம் என்ற கண்ணாடிக் கட்டிக்குள் சுற்றிக் கண்ணுக்கு வருகிறது. யாஷிகா எலக்ட்ரோ 35, கேனனெட் போன்ற ரேஞ்ச்ஃபைண்டர்களில் வ்யூஃபைண்டருக்கும் லென்ஸுக்கும் தொடர்பே இல்லை. அது மேல்மூடிக்குள் தனியாக இருக்கும் ஒரு ஜன்னல். அதனால் ரேஞ்ச்ஃபைண்டரில் வ்யூஃபைண்டர் எவ்வளவு மங்கலாக இருந்தாலும் படத்தில் அது தெரியாது. எஸ்.எல்.ஆரில் மங்கல் லென்ஸில் இருந்தால் மட்டும் படத்திலும் வரும்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: ரப்பர் பிளோயர், சின்ன டார்ச், லென்ஸ் துடைக்கும் தாள், நல்ல பஞ்சு பட்ஸ், டிஸ்டில்ட் வாட்டர், 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். டின்னில் அடைத்த காற்றும் வேண்டாம். டின் சாய்ந்தால் அதன் திரவம் நேராக ஸ்கிரீன் மேல் பீய்ச்சும், அந்தக் கறை பிறகு போகாது.

வெளியே எடுத்ததும் மங்கல், கொஞ்ச நேரத்தில் தெளிவு

இது வெறும் ஈரம். ஏசி அறையில் குளிர்ந்திருந்த கேமராவைச் சென்னை வெயிலுக்கோ கடற்கரைக்கோ கொண்டுபோனால் கண்ணாடி மேல் ஆவி படியும். துடைக்காதீர்கள். அறையிலேயே ஜிப் பையில் போட்டு மூடி, வெளியே வந்து அரை மணி நேரம் கழித்துத் திறங்கள். காற்றிலுள்ள ஈரம் பைக்கு வெளியேயே படிந்துவிடும். ஆவி கண்ணாடியின் உள்பக்கத்தில் படிந்து, மணிக்கணக்கில் போகாமல் நின்றால் கேமராவுக்குள்ளேயே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அப்போது காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு சில நாள் வைத்துவிட வேண்டும். அரிசியில் புதைத்து வைப்பவர்கள் உண்டு. அதன் மாவுத்தூள் உள்ளே போய்ப் புது வேலை வைக்கும்.

எல்லாம் சீராகப் பால் கலந்தது போல் தெரிகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். எஸ்.எல்.ஆர். என்றால் முதலில் லென்ஸைக் கழற்றிவிட்டு, உடலை மட்டும் வெள்ளைச் சுவர் பக்கம் திருப்பிப் பாருங்கள். காட்சி தெரியாது, வெறும் வெளிச்சம்தான் தெரியும். அந்த வெளிச்சம் சுத்தமாக, ஸ்கிரீனின் நடு வட்டமும் கோடுகளும் கூர்மையாகத் தெரிந்தால் குற்றம் லென்ஸில். லென்ஸின் அப்பர்ச்சரை (வெளிச்சம் நுழையும் துளை) முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்து, முன்பக்கமிருந்து பாருங்கள். உள்ளே புகை படிந்தது போல் ஒரு படலம் ஒளிரும். பழைய லென்ஸ்களில் உயவு எண்ணெய் ஆவியாகி உள்கண்ணாடிகளில் படிந்து இப்படி ஆகும். அது தனிக் கதை. ஆனால் அதைச் சரிசெய்யாமல் ஃபிலிம் போடாதீர்கள், எடுக்கும் ஒவ்வொரு படமும் வெளிறி வரும்.

லென்ஸைக் கழற்றிய பிறகும் பால் வெள்ளை இருந்தால் அடுத்து ஐபீஸ், அதாவது கண்ணை வைக்கும் கண்ணாடி. 40, 50 வருடம் புருவத்து வியர்வையும் இமை எண்ணெயும் பட்ட இடம் அது. பலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும். ரப்பர் கப் இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். அதன் ஓரத்துக்கு அடியில் கறுப்பாக ஒரு வளையம் படிந்திருக்கும். பிளோயரால் ஊதி மணல் துகள்களை வெளியேற்றிய பிறகு, பட்ஸ் நுனியில் துளி ஆல்கஹால் தொட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுற்றிச் சுற்றித் துடைத்து, உடனே உலர்ந்த பட்ஸால் ஒருமுறை. திரவம் ஓரத்தில் வழிந்து உள்ளே இறங்கக் கூடாது. கே1000, ஏ.ஈ-1 உட்படப் பல கேமராக்களில் மீட்டரின் ஒளி உணரிகள் ஐபீஸ் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன.

வெளிப்பக்கம் பளிச்சென்று ஆகியும் மங்கல் போகவில்லையா? ஐபீஸின் உள்பக்கமோ பிரிசத்தின் பின்முகமோ அழுக்காகியிருக்கலாம். உறுதி செய்ய ஒரு வழி உண்டு: கேமராவின் வாயில், அதாவது லென்ஸ் மாட்டும் துளையில், டார்ச்சை அடித்துக்கொண்டு, ஐபீஸை ஒரு சாண் தள்ளி வைத்துச் சாய்வாகப் பாருங்கள். தலையை அசைக்கும்போது படலம் ஐபீஸ் விளிம்போடு ஒட்டியே நின்றால் அது ஐபீஸில் இருக்கிறது. விளிம்பை விட்டு விலகி நகர்ந்தால் இன்னும் உள்ளே இருக்கிறது.

உள்பக்கத்துக்குப் போக மேல்மூடியைக் கழற்ற வேண்டும். இங்கே என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன்: முழுக்க மெக்கானிக்கலான உடல் என்றால், பொறுமை இருந்தால், முயலலாம். ஏ.ஈ-1 போன்ற எலக்ட்ரானிக் உடல்களில் பிரிசத்தைப் போர்த்தியபடி மெல்லிய சர்க்யூட் தகடு ஓடுகிறது. அது மடிந்து ஒரு தடம் அறுந்தால் கேமராவே போச்சு. லேசான மங்கலுக்காக அந்த அபாயத்தை எடுக்காதீர்கள்.

கறுப்புப் புள்ளிகள், தூசி, முடி

புள்ளி கூர்மையாகத் தெரிந்தால் அது ஃபோகசிங் ஸ்கிரீனின் மேலோ கீழோ இருக்கிறது. சாய்ந்த கண்ணாடியில் உள்ள தூசி ஃபோகஸுக்கு வெகு வெளியே இருப்பதால் கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியவே தெரியாது. கனமாகப் படிந்தால்தான் காட்சி கொஞ்சம் சோகையாகும்.

கேமராவின் வாய் தரையைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு பிளோயரால் ஊதுங்கள். விழுந்தால் கீழே விழட்டும். ஊதி நகராத புள்ளி ஸ்கிரீனுக்கும் பிரிசத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறது. படத்தில் அது வரப்போவதில்லை. நான் இப்படிப்பட்ட புள்ளிகளை விட்டுவிடுவேன்.

அந்தக் கறுப்புத் துணுக்குகள் எங்கிருந்து வருகின்றன என்பது முக்கியம். சாய்ந்த கண்ணாடி மேலே போய் மோதும் இடத்தில் ஒரு பட்டை நுரைப்பஞ்சு ஒட்டியிருக்கும். வருடங்கள் போகப் போக அது தார் மாதிரி இளகி உதிரும். பல் குத்தும் குச்சியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். கறுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தால், முதலில் அந்தப் பஞ்சை மாற்றாமல் எத்தனை முறை சுத்தம் செய்தாலும் பிரயோஜனமில்லை. ஸ்கிரீனையும் கண்ணாடியையும் தாளால் மூடி மறைத்துவிட்டு, பஞ்சைக் குச்சியால் சுரண்டி எடுத்து, மிச்சப் பசையை ஆல்கஹால் தொட்ட பட்ஸால் நீக்கி, புதுப் பட்டை ஒட்டுங்கள்.

ஸ்கிரீனைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பெரும்பாலானவை பிளாஸ்டிக். அதன் ஒரு முகத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வளையங்கள் செதுக்கியிருக்கும். விரல் பட்டால் ரேகை அந்தப் பள்ளங்களுக்குள் போய் உட்காரும், துணி பட்டால் கீறும், ஆல்கஹால் பட்டால் வெடிப்பு ஓடலாம். கழற்றக்கூடிய ஸ்கிரீன் என்றால் (நிக்கான் எஃப்.எம்.2, ஒலிம்பஸ் ஓ.எம்-1 இரண்டிலும் லென்ஸ் வாய் வழியாகவே ஒரு சின்னக் கொக்கியை விடுவித்து இறக்கலாம்) ஓரத்தை இடுக்கியால் பிடித்து எடுங்கள். வெதுவெதுப்பான டிஸ்டில்ட் வாட்டரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரு துளி விட்டு, அதில் அலசுங்கள். தேய்க்க வேண்டாம். மறுபடி வெறும் நீரில் அலசி, ஓரத்தில் நிறுத்திக் காய விடுங்கள். திரும்பப் போடும்போது எந்தப் பக்கம் கீழே இருந்தது என்று மறக்காமலிருக்க, எடுக்கும் முன்பே ஒரு போட்டோ எடுத்து வைப்பது நல்லது. தலைகீழாகப் போட்டால் ஃபோகஸ் தப்பும், ஆனால் வ்யூஃபைண்டரில் எல்லாம் சரியாக இருப்பது போலவே காட்டும்.

சாய்ந்த கண்ணாடியைத் துடைக்கலாமா?

ஊதலாம். துடைப்பது கடைசி வழி. ஆரம்பத்தில் எனக்குக் கேமரா பிரிக்கக் கற்றுக்கொடுத்த பாய் ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, முகம் பாக்குற கண்ணாடியில ரசம் பின்னாடி இருக்கும். இதுல ரசம் முன்னாடியே இருக்கு. நீ கண்ணாடியத் துடைக்கல, ரசத்தத் துடைக்கிற." கேமராக் கண்ணாடியின் உலோகப் பூச்சு வெளியே திறந்தே இருக்கிறது. அழுக்கு ஒட்டியே தீர்ந்தது என்றால் லென்ஸ் தாளை ஆல்கஹாலில் நனைத்து, தாளின் எடை மட்டுமே அழுத்தும்படி மேலே படுக்க வைத்து, ஒரே திசையில் மெதுவாக இழுத்து எடுக்க வேண்டும். விரல் அதைத் தொடவே கூடாது.

சிலந்தி வலை போல் கிளைத்த நூல்கள்

பூஞ்சை. காற்றில் ஈரம் 60, 70 சதவீதத்துக்கு மேல் வாரக்கணக்கில் நிற்கும் ஊர்களில், இருட்டு அலமாரியில் தோல் உறையோடு பூட்டி வைத்த கேமராவில் இது வராமலிருந்தால்தான் ஆச்சரியம். தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தாத்தாவின் கேமராவை அந்த அழகான உறையிலேயே பத்திரப்படுத்துவது பாசம்தான், ஆனால் உறையை வேறு இடத்தில் வையுங்கள்.

எட்டக்கூடிய கண்ணாடிப் பரப்பில் இருந்தால், மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைப் பட்ஸில் தொட்டு மெதுவாகத் தடவி, ஒரு நிமிடம் கழித்து டிஸ்டில்ட் வாட்டரால் துடைத்து உலர்த்துங்கள். ரசம் பூசிய பரப்பிலோ பிளாஸ்டிக் ஸ்கிரீனிலோ இதைச் செய்யாதீர்கள். நூல்கள் போன பிறகும் அவை ஓடிய தடம் லேசாகக் கண்ணாடியிலேயே நின்றுவிடுவதுண்டு, பூஞ்சை வெளியிடும் அமிலம் மேல்பூச்சை அரித்த தழும்பு அது. அதைத் துடைத்துப் போக்க முடியாது. வ்யூஃபைண்டரில் அந்தத் தழும்பால் பெரிய தொல்லையும் இல்லை. கேமராவை 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில், சின்ன ஈரமானி வைத்த டப்பாவில், வைத்துக்கொண்டால் மறுபடி வளராது.

குறுக்கே கறுப்புக் கோடு, அல்லது பழுப்புத் திட்டு

லென்ஸை மாற்றினாலும் ஸ்கிரீனை எடுத்துவிட்டுப் பார்த்தாலும் அசையாமல் அதே இடத்தில் நிற்கிறது, ஓரங்கள் கறையான் அரித்தது போல் இருக்கின்றன என்றால் பிரிசத்தின் ரசம் போய்விட்டது. 1970களின் ஒலிம்பஸ் ஓ.எம்-1 கேமராக்களில் இது பேர்போன வியாதி. பிரிசத்துக்கு மேல் வைத்த நுரைப்பஞ்சு இளகி, வெளிப்பூச்சு பெயிண்டைத் தாண்டி வெள்ளிப் பூச்சையே தின்றுவிடும். என் கைக்கு வந்த ஒன்றின் மேல்மூடியைத் திறந்தபோது பஞ்சு இருந்த இடத்தில் பாகு போல் ஒரு கறுப்பு ஒட்டு. மெதுவாக எடுக்க முயன்றேன். அதோடு சேர்ந்து பெயிண்டும் வெள்ளியும் மீன் செதில் போல் உரிந்து வந்தன. கீழே கண்ணாடி வெறுமையாக, அதன் வழியே மறுபக்கம் தெரிந்தது.

இதற்குச் சுத்தம் செய்யும் வழி எதுவும் கிடையாது. பழுதான வேறொரு உடலிலிருந்து நல்ல பிரிசம் எடுத்துப் போடுவதுதான் தீர்வு. கோடு சின்னதாக இருந்தால் அப்படியே வைத்துப் படம் எடுக்கலாம். ஆனால் மேல்மூடியைத் திறக்கச் சந்தர்ப்பம் வந்தால், பிரிசம் இன்னும் நன்றாக இருக்கும்போதே அந்தப் பஞ்சை எடுத்துவிடச் சொல்லுங்கள். வாங்கப் போகும் கேமராவில் இந்தக் கோட்டைப் பார்த்தால் விலை குறையாமல் வாங்க வேண்டாம்.

மங்கல் இல்லை, ஆனால் எதுவும் கூர்மையாக இல்லை

மீட்டர் முள்ளும் ஸ்கிரீன் கோடுகளும்கூடக் கலங்கலாகத் தெரிந்தால் உங்கள் கண்ணையும் சந்தேகப்படுங்கள். பழைய கேமராக்கள் ஒரே பவருக்கு நிலைநிறுத்தப்பட்டவை. நிக்கான் எஃப்.எம்.2-இல் அது மைனஸ் 1 டயாப்டர். கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடு பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். எஃப்/5.6 ஜூம் லென்ஸ் மாட்டியிருக்கும்போது நடு வட்டத்தின் பாதி கறுத்துப் போவதும் பழுது இல்லை. அந்த லென்ஸின் திறப்பு அவ்வளவு சிறியது.

ரேஞ்ச்ஃபைண்டர்: காட்சியும் மங்கல், நடு இரட்டை உருவமும் தெரியவில்லை

நான் அதிகம் பழகியதும், அதிகம் வருத்தப்பட்டதும் இங்கேதான். யாஷிகா எலக்ட்ரோ 35 வந்தது 1966-இல், ஜி.எஸ்.என். மாடல் 1973-இல். இன்று கையில் கிடைப்பவை பெரும்பாலும் 40 வயதைத் தாண்டியவை. உள்ளே உயவு எண்ணெயின் ஆவி எல்லா ஜன்னல்களின் உள்பக்கத்திலும் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும்.

உள்ளே சாய்வாக ஒரு சிறு கண்ணாடித் தகடு நிற்கிறது. அதன் மேல் அரைகுறை ரசம், பாதி வெளிச்சத்தை விட்டு, பாதியைத் திருப்பும். காட்சியின் நடுவில் தெரியும் இரண்டாம் உருவம் அதனால்தான் வருகிறது. அதை நேர்க் காட்சியோடு பொருத்தித்தான் ஃபோகஸ் செய்கிறோம். மேல்மூடியைத் திறக்கும் முன் அந்த ரசம் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். வ்யூஃபைண்டரின் பெரிய முன்ஜன்னலைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, ஐபீஸ் வழியே வெளிச்சமான இடத்தைப் பாருங்கள். சின்ன ஜன்னல் வழியாக வரும் உருவம் மட்டும் நடுவில் தெரியும். அது பளிச்சென்று இருந்தால் ரசம் நன்றாக இருக்கிறது, மங்கல் வெறும் அழுக்கு. சுத்தம் செய்தால் மீளும். கண்ணை இடுக்கித் தேடினாலும் உருவம் மங்கலாகவே இருந்தால் ரசம் தேய்ந்திருக்கலாம், சின்ன ஜன்னல் பக்கமும் அழுக்காக இருக்கலாம்.

மேல்மூடியைக் கழற்ற: ஃபிலிம் அறைக்குள் ரீவைண்ட் கவட்டையை (ஃபிலிமைத் திரும்பச் சுற்றும் முனை) ஒரு ஸ்க்ரூடிரைவரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மேலே உள்ள கைப்பிடியை இடப்பக்கம் சுழற்றினால் கழன்று வரும். அட்வான்ஸ் லீவரின் தலைமூடி, பிறகு பக்கவாட்டுத் திருகுகள். ஜப்பானியத் திருகுகளுக்கு ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தர அளவு) முனையுள்ள ஸ்க்ரூடிரைவர் வேண்டும். நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண நட்சத்திர முனை வழுக்கித் தலையைச் சிதைக்கும். ஜி.எஸ்.என். மாடலில் ஃபிளாஷ் மாட்டும் இடத்திலிருந்து வயர் வருகிறது, மூடியை வெடுக்கென்று தூக்காதீர்கள்.

திறந்ததும் முன்ஜன்னல், சின்ன ஜன்னல், ஐபீஸ் ஆகியவற்றின் உள்பக்கங்களைத் துடையுங்கள். ஆல்கஹால் தொட்ட பட்ஸைக் கொஞ்சம் பிழிந்துவிட்டு, ஒரு பக்கத்துக்கு ஒரு பட்ஸ். முதல் பட்ஸ் பழுப்பாக வரும். இத்தோடு பெரும்பாலும் காட்சி திறந்துவிடும். மூடியைத் தற்காலிகமாக வைத்துப் பாருங்கள். நன்றாக இருந்தால் போதும், அங்கேயே நிறுத்துங்கள்.

நான் ஒருமுறை நிறுத்தவில்லை. காட்சி தெளிந்த பிறகும் அந்தச் சாய்ந்த தகட்டில் லேசாக ஒரு படலம் இருந்தது. அதே பட்ஸால், அதே ஆல்கஹாலால், ஒரே ஒரு இழுப்பு. பட்ஸ் நுனியில் பொன்னிறச் சாயம் ஏறியது. கண்ணில் வைத்துப் பார்த்தபோது காட்சி முன்னெப்போதையும்விடத் தெளிவாக இருந்தது, நடு உருவம் மட்டும் இல்லை. ஃபோகஸ் செய்ய வழியில்லாத ஒரு ரேஞ்ச்ஃபைண்டராக அது ஆகிவிட்டது. அந்தத் தகட்டைப் பிளோயரால் ஊதலாம். அதற்கு மேல் எதுவும் செய்யாதீர்கள்.

ரசம் ஏற்கெனவே தேய்ந்து உருவம் மங்கியிருந்தால் திறக்காமலே ஒரு கைவைத்தியம் உண்டு. சின்னதாக ஒரு துண்டுக் கறுப்பு டேப்பை முன்ஜன்னலின் வெளிப்பக்கம் நடுவில் ஒட்டுங்கள். அந்த இடத்தில் நேர்க் காட்சி இருண்டு, இரண்டாம் உருவம் எடுப்பாகத் தெரியும். ஃபோகஸ் செய்ய அது போதும்.

லைக்கா எம்3 போன்ற கேமராக்களைப் பிரிக்காதீர்கள். 1954-இல் வந்த அந்த மாடலின் வ்யூஃபைண்டர் பல கண்ணாடிகளை பால்சம் பசையால் ஒட்டிச் செய்த ஒரு கட்டி. பசை விட்டுப்போனால் ஓரத்தில் வானவில் நிறமோ பாதிக் காட்சி இருட்டோ தெரியும். அதற்கென்றே வேலை தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும்.

மேல்மூடியைத் திருகும் முன் கடைசியாக ஒன்று. லென்ஸை இன்ஃபினிட்டியில் (மிகத் தொலைவுக்கான ஃபோகஸ்) வைத்து, தூரத்து செல்போன் கோபுரத்தையோ நிலவையோ பாருங்கள். இரண்டு உருவமும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தால் சுத்தம் செய்யும்போது உள்ளே எதையும் அசைக்கவில்லை என்று அர்த்தம், திருகை முடுக்கலாம். ஒன்று பக்கவாட்டிலோ மேலேயோ விலகி நின்றால் மூடியை மூடாமல் வைத்திருங்கள். ரேஞ்ச்ஃபைண்டரைச் சரிசெய்யும் திருகுகள் அந்த மூடிக்கு அடியில்தான் இருக்கின்றன.